போன் சார்ஜ் ஏறவில்லையா? துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

சார்ஜ் ஏறவில்லை என்றதும் பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் வேறு கேபிள், வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். கேபிளின் கழுத்து மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கலாம்.

அப்போதும் ஏறவில்லையா? சார்ஜர் துளைக்குள் டார்ச் அடியுங்கள். சட்டைப் பையிலிருக்கும் பஞ்சும் தூசியும் உள்ளே சேர்ந்து, பின்னைச் செருகும் ஒவ்வொரு முறையும் அடியில் இறுகி மெத்தைபோல் படிந்துவிடும். அதனால் கேபிளின் பின் முழுசாக உள்ளே போகாது, லேசாகத் தொட்டாலே கழன்றுவிடும். இதுதான் அடையாளம்.

போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியின் நுனியை மெலிதாகச் சீவி, ஓரமாக விட்டு மெதுவாகக் கிளறி எடுங்கள். சி டைப் துளையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அதன் இரு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 தொடுமுனைகள். அதை மட்டும் நெம்பிவிடாதீர்கள். குண்டூசி, ஊக்கு வேண்டவே வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும், அதுவும் வேண்டாம்.

திரையில் நீர்த்துளி அடையாளம் வந்தால் கேபிளைக் கழற்றி, துளையைக் கீழே பார்த்தபடி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். அப்புறம் காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள். அரிசிக்குள் புதைத்தால் அதன் தூள் துளைக்குள் போய்விடும்.

80 சதவீதத்தோடு நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் பழுதல்ல, பேட்டரிப் பாதுகாப்பு அமைப்பு. செட்டிங்ஸில் மாற்றலாம்.

பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் எதையும் முயலாதீர்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.