குஞ்சப்பனைப் பக்கம் ஊழியத்துக்கு வரும் புதிய சிஸ்டருக்கு

முதலில் செருப்பை மாற்றுங்கள். நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே இருளர், குறும்பர் பழங்குடி ஊர்கள் பலவற்றுக்குத் தார்ரோடு பாதியில் நின்றுவிடும். மழைக்காலத்தில் அட்டை ஏறும்; சாக்ஸில் உப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் போனால் வீடுகள் பூட்டியிருக்கும், எல்லாரும் எஸ்டேட் வேலையில் இருப்பார்கள். சாயங்காலம் போய் அங்கேயே தங்குவதுதான் சரி. பலா பழுக்கும் மாதங்களில் இருட்டில் திரும்ப நினைக்கவே வேண்டாம். யானைக்கு நம் ஜெபநேரம் தெரியாது. பாட்டிமார் “இன்னிக்குப் போகாதே கண்ணு” என்றால் பையைக் கீழே வையுங்கள்.

பிள்ளைக்குக் கைகால் வலி, கண் மஞ்சள் என்றால் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டு வந்துவிடாதீர்கள். இந்த மலையின் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் நோய் அது; பரம்பரையாக வருவது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கூடவே நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் பாதிப்பேர் போக மாட்டார்கள். நோய் உள்ள பிள்ளை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குளிரில் நனையக் கூடாது.

மலைத்தேன் எடுக்கப் போகிறவர்கள் நோன்பிருப்பார்கள். அந்த நாட்களில் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அவர்கள் சாமியைப் பற்றி நம் கருத்தை யாரும் கேட்கவில்லை.

சாதிச் சான்றிதழ் மனு எழுதப் பழகுங்கள், பிரசங்கத்தைவிட அதற்குத்தான் அதிகம் கூப்பிடுவார்கள். ராகிக் களி கொடுத்தால் சாப்பிடுங்கள். இரண்டாவது உருண்டையை மறுக்கலாம்.