வானில் எத்தனை மணி நேரம்? கணக்கு சறுக்கும் இடங்கள்

லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு வருகை என்று டிக்கெட் சொன்னால், பயணம் 3 மணி நேரமல்ல, 8 மணி நேரம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். அவற்றை நேரடியாகக் கழிப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. இரண்டையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். குளிர்காலத்தில் லண்டனின் 11 மணி யூடிசியிலும் 11 மணிதான். நியூயார்க்கின் 2 மணி, யூடிசியில் இரவு 7 மணி.

"குளிர்காலத்தில்" என்றதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் இரு ஊர்களுக்கும் வித்தியாசம் 5 மணி நேரமல்ல, 4. பசிபிக்கின் நடுவே நாள் மாறும் தேதிக் கோட்டைத் தாண்டினால் வேடிக்கை இன்னும் அதிகம். கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், அதே நாள் முற்பகல் 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கலாம். முதல்முறை பார்ப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

அடுத்தது, சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பது. டோக்கியோவையும் நியூயார்க்கையும் அப்படி இணைத்தால் கோடு பசிபிக்கின் நடுவே ஓடும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: நூல் அலாஸ்கா பக்கம் ஏறி, கனடா வழியாக இறங்கும். பெருவட்டப் பாதை எனப்படும் அந்த நூல்வழியின் நீளம் சுமார் 10,850 கி.மீ. வரைபடக் கோட்டில் போனால் ஏறத்தாழ 2,000 கி.மீ. கூடுதல்.

விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து, தூரத்தை 900-ஆல் வகுத்து நேரம் சொல்லிவிடுவதும் அவசரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, தரையிறங்கக் காத்திருப்பது எல்லாம் அட்டவணை நேரத்தில் சேரும். காற்று வேறு இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தால் நியூயார்க்–லண்டன் பயணம், எதிர்த்திசைப் பயணத்தைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. ஆகவே போகும் நேரமே திரும்பும் நேரம் என்று எழுதிவைக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு பயணிகள் விமானம் இதே வழியை 5 மணி நேரத்துக்குள் கடந்தது. தரையிலிருந்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.-க்கு மேல். ஆனால் அது ஒலியை முந்தவில்லை. காற்றும் அதோடு சேர்ந்து ஓடியது.

பழைய நேரங்களையும் நம்ப முடியாது. ஹெல்சின்கி–டோக்கியோ ஒருகாலத்தில் ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு சுமார் 13 மணி நேரம் ஆகிறது. விமான நிலையங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

மைல் என்று கண்டால் எந்த மைல் என்று கேளுங்கள். விமானத் துறையின் கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ. லண்டன்–நியூயார்க் தூரம் முதலாவதில் சுமார் 3,000, இரண்டாவதில் சுமார் 3,450.

'டைரக்ட்' என்ற சொல்லும் ஏமாற்றும். விமான எண் மாறாது என்பதே அதன் பொருள். வழியில் எங்கேயாவது இறங்கி ஏறலாம். ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் கியூஎஃப் 1 சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே எண்ணில் போனாலும், சிங்கப்பூரில் நின்றுதான் போகும். இடைநிற்காத பயணம் வேண்டுமென்றால் 'நான்-ஸ்டாப்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.