ஜப்பானில் மார்மன் ஊழியம்: முதல் மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்மன்கள் என்று வெளியில் அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், ஆண்கள் 18 வயதானதும் இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு, அதாவது வீடு வீடாகப் போய்ச் சபையைப் பற்றிச் சொல்லும் பணிக்கு, போகலாம். பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த நாடு என்று சபைத் தலைமைதான் முடிவு செய்யும். ஜப்பான் என்று அழைப்பு வந்தால் எல்லோரும் முதலில் பயப்படுவது மொழிக்கு. மொழி எப்படியும் வந்துவிடும். பயிற்சி மையத்திலேயே சுமார் ஒன்பது வாரம் அதற்கு ஒதுக்குகிறார்கள், அப்புறம் தினமும் படிப்பு. ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் சைக்கிள் வால்வு, முகவரிப் பதிவு, காயாத சட்டை மாதிரியான சங்கதிகள். அவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பெட்டியில் போகக் கூடாதது

முதல் தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே நடக்கிறது. அமெரிக்காவில் சளிக்கு வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது பத்து சதவீதத்தைத் தாண்டிய மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. கவனச்சிதறலுக்கு எழுதித்தரும் அட்டரால் இன்னும் மோசம்: ஆம்ஃபெட்டமின் வகை என்பதால், டாக்டர் சீட்டைக் காட்டினாலும் அங்கே சட்டவிரோதம், கைது வரைக்கும் போகும். அதே கோளாறுக்குத் தரும் கான்செர்ட்டாவைக் கொண்டுபோகலாம், ஆனால் அளவுக்கு வரம்பு உண்டு. சாதாரண மருந்தாக இருந்தாலும், டாக்டர் சீட்டில் வாங்கியதை ஒரு மாத அளவுக்கு மேல் எடுத்துப்போக இறக்குமதிச் சான்று வேண்டும். எனவே தினசரி மருந்து சாப்பிடுபவர் அழைப்பு வந்த வாரமே டாக்டரைப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்று மருந்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் அம்மா பெட்டி ஓரத்தில் செருகி வைக்கும் மாத்திரை அட்டையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஷூ. பாதம் 29 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உள்ளூர்க் கடைகளில் அளவு கிடைப்பது கஷ்டம். இரண்டு ஜோடியாகக் கொண்டுபோய்விடுவது நல்லது. கயிறு கட்டும் ஷூ வேண்டாம். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்றித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் சங்கடம். ஓட்டை விழுந்த சாக்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அட்டையும் முகவரியும்

வெளிநாட்டவருக்குத் தரும் வசிப்பிட அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். மீறினால் 2 லட்சம் யென் வரை அபராதம். வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாகக் கிளம்பும்போது யாரும் இதை மறப்பதில்லை. காலை ஆறரைக்கு எழுந்து அரைக்கால் சட்டையில் ஓடப் போகும்போதுதான் பர்ஸ் மேசையிலேயே கிடக்கும். போலீஸ்காரர் நிறுத்துவதும் அப்போதுதான். ஓடும் உடையில் ஜிப் வைத்த பை ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஊழியர்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் அறிவிக்கப்படும். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் மாறுவதில்லை, ஆனால் இரண்டு ஆண்டில் பல ஊர் பார்த்துவிடுவார்கள். வேறு ஊருக்கு மாறினால் இரண்டு வேலை உண்டு. பழைய ஊரின் நகராட்சி அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பைக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். புது ஊரில் குடியேறிய 14 நாளுக்குள் அந்தச் சான்றோடும் வசிப்பிட அட்டையோடும் போய்ப் பதிய வேண்டும். அங்கே அட்டையின் பின்பக்கத்தில் புது முகவரியைப் பதிந்து தருவார்கள். பலரும் கோட்டை விடுவது முதல் வேலையைத்தான். கையில் சான்று இல்லாமல் புது ஊர் அலுவலகத்தில் போய் நின்றால் வேலை முடியாது, பழைய ஊருக்குத் தபாலில் எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் 14 நாள் ஓடிவிடும். சனி, ஞாயிறு அலுவலகம் பெரும்பாலும் மூடியிருக்கும். மாற்றச் செய்தி வந்தவுடன், பெட்டி கட்டுவதற்கு முன்பே, இதை முடித்துவிட வேண்டும்.

சைக்கிள்

நாளின் பாதி சைக்கிளில்தான் கழியும். அதனால் தவறுகளும் இங்கேதான் அதிகம்.

ஜப்பானிய ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் இங்கிலீஷ் வால்வுதான். அதற்குள் முஷி கோமு என்ற சின்ன ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். தடிமன் நூடுல்ஸ் அளவுதான். வெயிலில் இந்த ரப்பர் வெடித்தோ உருகியோ போனால் காற்று மெதுவாக இறங்கும். பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றி, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே என்று தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைப்பார்கள். முதலில் வால்வு மூடியைத் திருகி ஊசியை வெளியே எடுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் பழசை உருவிவிட்டு, புதியதை எச்சில் தொட்டு நழுவவிட்டு ஏற்றி, ஊசியின் பக்கவாட்டுத் துளை முழுவதும் மூடும்படி தள்ளுங்கள். சைக்கிள் கடையிலும் நூறு யென் கடையிலும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

நிஜப் பஞ்சருக்கும் காரணம் பெரும்பாலும் ஆணியோ முள்ளோ இல்லை. காற்று குறைந்த டயரோடு நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும். ஒட்டும்போது ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை காற்றடித்தால் இந்தக் கதையே வராது.

அடுத்தது திருட்டுத் தடுப்புப் பதிவு. சைக்கிள் ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் எண் முதலில் வாங்கியவர் பெயரில் இருக்கும். ஊழியர்களிடையே சைக்கிள் கைமாறிக்கொண்டே போகும், பெயர் மட்டும் மாறாது. இரவில் போலீஸ் நிறுத்தி எண்ணைச் சரிபார்த்தால், என்றோ ஊருக்குத் திரும்பிப் போன யாரோ ஒருவர் பெயர் வரும். அரைகுறை ஜப்பானிய மொழியில் அதை விளக்கி முடிப்பதற்குள் வீடு திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிடும். கைமாறும்போதே முன்னவரிடம் கையெழுத்திட்ட மாற்றுக் கடிதம் வாங்கி, கடையில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் விளக்கில்லாமல் ஓட்டுவதும் குற்றம். போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் 2024 நவம்பரிலிருந்து ஆறு மாதச் சிறை அல்லது 1 லட்சம் யென் அபராதம் வரை உண்டு. வரைபடம் பார்க்க வேண்டுமா, ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ரயில் நிலையத்தருகே கண்ட இடத்தில் நிறுத்திய சைக்கிளை லாரியில் தூக்கிப்போய்விடுவார்கள். மீட்கச் சில ஆயிரம் யென் ஆகும்.

திங்கட்கிழமையை வீணடிப்பது

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள், பெரும்பாலும் திங்கள். மாலை ஆறு மணி வரைக்கும்தான். அதற்குள் துவைக்க, கடைக்குப் போக, முடி வெட்ட, வீட்டைப் பெருக்க, குடும்பத்தோடு பேச வேண்டும். எதை முதலில் செய்வது என்று யோசிக்காமல் இறங்குவதுதான் பொதுவான தவறு.

2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் குடும்பத்தோடு வீடியோவில் பேசலாம். அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் அழைப்பு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் வீட்டை ஜப்பானிலிருந்து திங்கள் காலை 9 மணிக்கு அழைத்தால் அங்கே ஞாயிறு மாலை 6, குளிர்காலத்தில் 5. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கடை, பாஸ்கெட்பால் எல்லாம் முடித்து மூன்று மணிக்கு அழைத்தால் அங்கே நள்ளிரவு. மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும், ஜப்பான் மாற்றாது. அந்த இரண்டு வாரமும் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருப்பது வழக்கம்.

துணிக்கு உலர்த்தும் இயந்திரம் பெரும்பாலான வீடுகளில் இல்லை, பால்கனிக் கொடிதான். எழுந்ததும் மெஷினைப் போட்டால் மாலைக்குள் காயும். மதியம் போட்டால், அதுவும் ஜூன் மழைக்காலத்தில், செவ்வாய் காலை நாற்றமடிக்கும் சட்டையைத்தான் போட வேண்டியிருக்கும். படுக்கை விஷயமும் இப்படித்தான். தரையில் விரிக்கும் ஃபுட்டான் மெத்தையை அப்படியே விட்டுவிட்டால் வியர்வை அடியில் தங்கி, சில வாரத்தில் பாயில் பூஞ்சை பிடிக்கும். தினமும் காலையில் மடித்துத் தூக்கி வையுங்கள்.

கூட்டாளியிடம் பேசாமல் இருப்பது

ஊழியர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருப்பார்கள். பார்வைக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்கு ஒருவரை ஒருவர் விட்டுப் போகக் கூடாது. ஒருவர் சத்தமாகச் சாப்பிடுவார், ஒருவர் அலாரத்தை நாலு முறை அணைப்பார். "இன்னும் மூணு வாரத்துல மாத்திடுவாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுவது சாமர்த்தியம் போலத் தெரியும். மாற்றப் பட்டியல் வரும். இருவரும் அதே இடத்தில், அதே ஜோடியாக இருப்பார்கள்.

வாராந்தரத் திட்டமிடலின் முடிவில் குறைநிறை பேச ஒரு நேரம் உண்டு. அதை "எல்லாம் ஓகே" என்று ஒப்பேற்றிவிடாதீர்கள். "நீங்க எப்பவும் லேட்டு" என்றால் சண்டை. "எல்டர், 10 மணிக்குக் கிளம்பறதா முடிவு பண்ணோம், மூணு நாள் 10.40 ஆயிடுச்சு. எங்க நேரம் போகுது?" என்றால் (ஆண் ஊழியரை எல்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்) பேச்சு நகரும். பெரும்பாலும் அயர்ன் பண்ணுவதில்தான் போயிருக்கும்.

வாசலில்

அழைப்பு மணிக்குப் பதில் இன்டர்காமில்தான் வரும், கதவு திறக்காது. கேமராவுக்கு மிக அருகில் முகத்தை நீட்டாமல் ஓரடி பின்னால் நின்று, யார், எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். தானியங்கிப் பூட்டு வைத்த அடுக்குமாடிக்குள் யாரோ உள்ளே போகும்போது ஒட்டிக்கொண்டு நுழையவே கூடாது. அது அத்துமீறல்; புகார் போனால் மொத்தக் கட்டடமும் கைவிட்டுப் போகும்.

உள்ளே அழைத்தால் தேநீர் வரும். சபையின் ஞான வார்த்தை என்ற உணவு விதிப்படி தேயிலையும் காபியும் மதுவும் ஆகாது. பச்சை, ஊலாங், வறுத்த ஹோஜிச்சா எல்லாம் தேயிலைதான். பார்லியில் செய்யும் முகிச்சா தேயிலை இல்லை, குடிக்கலாம். கோப்பை மேசைக்கு வந்த பிறகு தள்ளி வைத்தால் மனம் புண்படும். உட்காரும்போதே "முகிச்சாவோ தண்ணீரோ போதும்" என்று சொல்லிவிட வேண்டும். கடையில் எலுமிச்சை, பீச் படம் போட்ட கேன் எல்லாம் ஜூஸ் இல்லை. சூஹாய் என்ற மதுவும் அப்படித்தான் இருக்கும். கேனில் மது என்று எழுதியிருக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வரை கடைக்காரரைக் கேளுங்கள்.

சபைக் கட்டடங்களில் ஊழியர்கள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்புக்கு நல்ல கூட்டம் வரும். மதப் பேச்சு வராது என்ற மாதிரி காட்டிக்கொண்டு ஆட்களைச் சேர்த்து, நாலாவது வாரம் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை நீட்டினால் ஏமாந்த உணர்வோடு போய்விடுவார்கள், அண்டை வீட்டிலும் சொல்வார்கள். யார் நடத்துகிறோம் என்பதை முதல் நாளே சொல்லி, வகுப்பில் ஆங்கிலத்தை மட்டும் நடத்துங்கள். மற்றதைக் கேட்க விரும்புபவர் வகுப்பு முடிந்து தானாக இருப்பார்.