பழைய பாரஃபின் பிளாக்கிலிருந்து படிக்கத்தக்க டிஎன்ஏ எடுப்பது எப்படி

நோயாளியிடமிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் புதைத்து வைத்ததுதான் பாரஃபின் பிளாக். இருபது வருடப் பழைய பயாப்ஸி பிளாக்கிலிருந்தும் ஏதோ கொஞ்சம் டிஎன்ஏ வரத்தான் செய்யும். ஒளி உறிஞ்சப்படும் அளவை வைத்து டிஎன்ஏவை அளக்கும் நானோடிராப் கருவியில் வைத்தால் நல்ல எண்ணும் காட்டும். ஆனால் டிஎன்ஏ துண்டை நொதியால் பெருக்கும் பிசிஆர் போட்டால் ஜெல்லில் பட்டை வராது. அதனால் எத்தனை நானோகிராம் கிடைத்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை பிரதிகளை நொதியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை படிக்க முடியும் என்று கேட்டுக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். கீழே வரும் எல்லாமே அந்த எண்ணைக் குறையாமல் காப்பதற்குத்தான்.

ஃபார்மலின் டிஎன்ஏவை மூன்று விதமாகக் கெடுக்கிறது. முதலாவது, புரதத்தோடு மெத்திலீன் பாலம் போட்டுப் பிணைத்துவிடுகிறது. இதைச் சூட்டால் பெருமளவு அவிழ்க்கலாம். இரண்டாவது, பஃபர் சேர்க்காத ஃபார்மலின் நாளடைவில் ஃபார்மிக் அமிலமாக மாறி, பியூரின் காரங்களை உதிர்த்து இழையைத் துண்டாக்குகிறது. இதற்கு மருந்தில்லை. மூன்றாவது, சைட்டோசின் அமைன் தொகுதியை இழந்து யுராசிலாகிறது. பிசிஆர் நொதி அதைத் தைமின் என்று படிக்கும். இல்லாத மரபணு மாற்றம் அறிக்கையில் ஏறுவது இப்படித்தான்.

பிளாக்கைத் தேர்ந்தெடுத்தல்

பாதி வெற்றி இங்கேயே முடிவாகிவிடும். 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரத்துக்குள் பதப்படுத்திய திசு நல்லது. வாரக்கணக்கில் ஃபார்மலினில் ஊறிக்கிடந்த பெரிய அறுவை மாதிரியைவிட, அதே நோயாளியின் சிறிய ஊசி பயாப்ஸி பல நேரம் நன்றாக வேலை செய்யும். எலும்புத் திசுவென்றால் சுண்ணாம்பை எதனால் கரைத்தார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். ஈடிடிஏ என்றால் தைரியமாக எடுக்கலாம். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலம் என்றால் வேறு பிளாக் தேடுவதே மேல். பூவாங் கரைசலில் போட்ட திசுவும் அப்படித்தான். அதிலுள்ள பிக்ரிக் அமிலம் டிஎன்ஏவை நொறுக்கியிருக்கும். பிளாக்கின் வயதைவிட அது பதப்பட்ட விதம்தான் பெரும்பாலும் முக்கியம்.

அடுத்து, ஹெச் அண்ட் ஈ (ஹீமடாக்சிலின், ஈயோசின்) சாயமேற்றிய ஸ்லைடை நோயியல் மருத்துவரிடம் காட்டிப் புற்றுப் பகுதியைப் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள். புற்றணுக்கள் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் முழு வெட்டையும் டியூபில் போடாமல், சாயமேற்றாத ஸ்லைடுகளிலிருந்து வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பிளேடால் சுரண்டி எடுங்கள்.

வெட்டுதல்

முகப்பிலிருக்கும் முதல் இரண்டு மூன்று வெட்டுகளைத் தூக்கிப் போடுங்கள். காற்றும் மற்ற பிளாக்குகளின் துகளும் பட்ட பகுதி அது. ஒவ்வொரு பிளாக்குக்கும் புது பிளேடு. வெட்டும் கருவியான மைக்ரோடோமின் பிடி, தூரிகை, இடுக்கி எல்லாவற்றையும் முதலில் சைலீனாலும் பிறகு எத்தனாலாலும் துடையுங்கள். பாரஃபின் மட்டுமே உள்ள வெற்று பிளாக் ஒன்றையும் இடையிடையே வெட்டி, அதையும் மற்றவற்றைப் போலவே கடைசிவரை கொண்டுசெல்லுங்கள். கலப்படம் நேர்ந்திருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். பல பிளாக்குகளின் வெட்டுகள் மிதந்த தண்ணீர்த் தொட்டி வேண்டாம். 10 மைக்ரான் சுருள்களை நேராக 1.5 மில்லி டியூபில் போடுங்கள். முதல் முயற்சிக்கு மூன்று சுருள் போதும். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் கொஞ்சம் வரும்’ என்று அள்ளிப் போட்டால் பாரஃபின் முழுதாகக் கரையாது, நொதிக்கும் வேலை மிஞ்சிப்போகும், கடைசியில் டிஎன்ஏவைப் பிடித்து நிறுத்தும் சிலிக்கா வடிகுழாயான காலமும் (column) அடைத்துக்கொள்ளும்.

வெட்டிய சுருள்களைச் சேமித்து வைக்காமல் உடனே பயன்படுத்துங்கள். பிளாக்காக இருக்கும்வரை பாரஃபின் காக்கும். மெல்லிய வெட்டில் காற்று புகும். வேலை முடிந்ததும் பிளாக்கின் முகப்பில் உருக்கிய பாரஃபினைப் பூசித் திருப்பிக் கொடுங்கள். அந்த நோயாளிக்கு நாளை இன்னொரு பரிசோதனை தேவைப்படலாம். அந்தத் திசு அவருடையது. ஆராய்ச்சிக்கு எடுப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே பிளாக்கைத் தொடுங்கள்.

பாரஃபினை நீக்குதல்

புகைபோக்கி அறைக்குள் 1 மில்லி சைலீன் ஊற்றி, 10 நொடி வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கி, மையவிலக்கியில் முழு வேகத்தில் 2 நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்பதை உறிஞ்சிவிட்டு இன்னொரு முறை. பிறகு 1 மில்லி தூய எத்தனால், அதே போலச் சுழற்சி. இந்தக் கட்டத்தில் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் உறைந்த நெய் போல வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தால் பாரஃபின் மிச்சமிருக்கிறது. மறுபடி சைலீனுக்குப் போங்கள். மூடியைத் திறந்து 37 டிகிரியில் 10 நிமிடம் உலர்த்துங்கள். எத்தனால் வாசனை இருக்கும்வரை அடுத்த படி வேண்டாம். சைலீன் நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவிவிடும் என்பதால், மேலே பட்டால் உடனே மாற்றுங்கள். பாலிஸ்டைரீன் டியூபையோ அது கரைத்தே விடும், பாலிப்ரொப்பிலீன்தான் சரி.

செரித்தல், பிறகு சூடு

டிஎன்ஏ கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த இரண்டு படிகளில்தான் இருக்கிறது. எஸ்டிஎஸ் என்னும் சோப்புப் பொருள் கலந்த, செல்களை உடைக்கும் லைசிஸ் பஃபர் 180 மைக்ரோலிட்டர், புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ் கே 20 மைக்ரோலிட்டர். நொதியின் செறிவு மில்லிக்கு 20 மில்லிகிராம். 56 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று கிட் கையேடுகள் சொல்லும். பழைய, கெட்டிப்பட்ட திசுவுக்கு அது போதாது. இரவு முழுக்க விடுங்கள். காலையில் துணுக்குகள் தெரிந்தால் இன்னொரு 20 மைக்ரோலிட்டர் நொதி சேர்த்து மறுநாள்வரை தொடருங்கள். மூன்று நாள்வரை போனாலும் தப்பில்லை. கரைசல் தெளிந்து, டியூபைச் சாய்த்தால் எதுவும் உருளாமல் இருக்க வேண்டும். கலங்கலாக இருக்கும்போதே அவசரப்பட்டு அடுத்த படிக்குப் போனால், செரிக்காத புரதத்தில் பிணைந்த டிஎன்ஏ அதோடு சேர்ந்து குப்பைக்குத்தான் போகும்.

முழுதாகச் செரித்த பின் 90 டிகிரியில் ஒரு மணி நேரம். பிணைப்புகள் அவிழ்வது இங்கேதான். நேரத்தைக் கூட்டினாலோ சூட்டை ஏற்றினாலோ பிணைப்பு இன்னும் அவிழும், கூடவே இழையும் அறுபடும். ஒரே ஹீட்டிங் பிளாக்தான் இருக்கிறதென்றால், அது 56-லிருந்து 90-க்கு ஏறும்வரை டியூபை வெளியே எடுத்து வையுங்கள். பஃபரில் டிரிஸ் இருப்பது நல்லது. அதன் அமைன் தொகுதி கழன்று வரும் ஃபார்மால்டிஹைடைப் பிடித்துக்கொள்வதால் மறுபிணைப்பு குறையும். டியூப் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி சேர்த்து 2 நிமிடம் விடுங்கள். இதைத் தவிர்த்தால் பிறகு வரும் அளவில் ஆர்என்ஏவும் கணக்கில் சேரும்.

சிலிக்கா காலமில் டிஎன்ஏவைப் பிடித்துக் கழுவும்போது கிட் சொல்வதை அப்படியே செய்யலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. சாதாரண சிலிக்கா காலம்கள் 100 கார இணைக்குக் கீழான துண்டுகளைப் பெருமளவு விட்டுவிடும்; மிகப் பழைய திசுவில் உங்களுக்கு மிஞ்சியிருப்பதே அவைதான். அப்படிப்பட்ட மாதிரிக்கு, தொல் டிஎன்ஏ ஆய்வகங்களில் பயன்படும் குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் ஐசோபுரப்பனாலும் கலந்த பிணைப்பு பஃபர் பொருத்தமானது. அடுத்து, கழுவலுக்குப் பின் காலியான காலமை முழு வேகத்தில் 3 நிமிடம் சுழற்றி எத்தனாலை ஓட்டிவிட்டு, 30 மைக்ரோலிட்டர் பஃபரைச் சவ்வின் நடுவில் விட்டு 5 நிமிடம் காத்திருந்து இறக்குங்கள்.

அளப்பது

நானோடிராப் எண்ணை நம்பி மேலே போகாதீர்கள். அது ஆர்என்ஏ, ஒற்றை இழை, உதிர்ந்த நியூக்ளியோடைடு எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். ஒளிரும் சாயத்தால் அளக்கும் கியூபிட் கருவி இரட்டை இழையை மட்டும் எண்ணும். ஆனால் 90 டிகிரியில் சூடேறிய டிஎன்ஏவில் ஒரு பகுதி ஒற்றை இழையாகவே நின்றுவிடும் என்பதால் அது குறைத்துக் காட்டலாம். உண்மை நிலவரம் தெரிய, துண்டு பெருகுவதை அவ்வப்போதே அளந்து காட்டும் நிகழ்நேர பிசிஆர்தான் வழி. ஒரே மரபணுவில் 60 கார இணை அளவில் ஒரு துண்டும் 200 அளவில் ஒரு துண்டும் வைத்து ஓட்டுங்கள். சின்னது வந்து பெரியது வரவில்லையென்றால் டிஎன்ஏ நொறுங்கியிருக்கிறது. இரண்டின் சமிக்ஞையும் தாமதமாகி, மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்ததும் முன்னேறினால், அது நொதியைத் தடுக்கும் தடைப்பொருள். மெலனின் நிறைந்த தோல் கட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். நீர்த்தலும் பிஎஸ்ஏ என்னும் மாட்டு அல்புமின் புரதம் சேர்ப்பதும் கைகொடுக்கும்.

இப்போது கணக்கு. மனித மரபணுத்தொகுதியின் ஒரு பிரதி சுமார் 3.3 பிகோகிராம். 10 நானோகிராமில் ஏறக்குறைய 3,000 பிரதிகள். அதில் 2 சதவீதம்தான் படிக்கத்தக்கது என்று நிகழ்நேர பிசிஆர் சொன்னால், கையில் இருப்பது 60. அந்த 60-இல் 5 சதவீத அளவுள்ள மாற்றம் என்பது மூன்றே பிரதி. படிக்கத்தக்கவை 10 பிரதியாகக் குறைந்தால், யுராசில் ஏறிய ஒரே ஒரு பிரதி 10 சதவீத ‘மாற்றமாக’ நிற்கும். சீக்வென்சிங்கில் ஆழத்தை (ஒரே இடத்தைப் படிக்கும் தடவைகளை) எவ்வளவு கூட்டினாலும் இது தீராது, அதே 10 பிரதிகளைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள்.

பொய் மாற்றங்கள்

பிசிஆருக்கு முன் யுராசிலை வெட்டியெடுக்கும் யுராசில் டிஎன்ஏ கிளைகோசிலேஸ் நொதி கொண்டு 37 டிகிரியில் அரை மணி நேரம் நடத்தினால், சைட்டோசினிலிருந்து தைமினாகத் தெரியும் பொய்களில் பெரும்பகுதி போய்விடும். எல்லாம் போகாது. மெத்தில் ஏறிய சைட்டோசின் அமைனை இழந்தால் நேராகத் தைமினாகவே ஆகிவிடும். அதை இந்த நொதி தொடாது. நுரையீரல் புற்றில் தேடப்படும் ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் டி790எம் மாற்றம் இதற்கு உதாரணம். ஏசிஜி, ஏடிஜி ஆவதுதான் அது. அந்த சைட்டோசினுக்கு அடுத்து குவானின் நிற்பதால் அங்கே மெத்தில் ஏறியிருக்க வாய்ப்புண்டு. எனவே குறைந்த சதவீதத்தில் டி790எம் தென்பட்டால், அதே டிஎன்ஏவில் திரும்ப ஓட்டுவது போதாது. புதிய சுருள்களிலிருந்து தனியாக டிஎன்ஏ எடுத்து, அதிலும் வந்தால் மட்டும் அறிக்கையில் எழுதுங்கள். சிகிச்சை மாறுவது இந்த ஒரு வரியால். பிரைமர்களை, அவை பெருக்கும் துண்டு 80 முதல் 120 கார இணைக்குள் இருக்கும்படி அமையுங்கள். திருத்திப் படிக்கும் பாலிமரேஸ்களில் சில யுராசிலில் முட்டி நின்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜாடியில் இருக்கும் மாதிரிகள்

மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்து ஜாடிகளுக்கு வழி கொஞ்சம் வேறு. ஃபெர்டினாண்ட் புளூம் 1893-இல் எடுத்துக்காட்டிய பிறகுதான் ஃபார்மலின் திசுப் பதனியாகப் பரவியது. அதற்கு முந்தைய மாதிரிகள் பெரும்பாலும் சாராயத்தில் போட்டவை. டிஎன்ஏவுக்கு அது எவ்வளவோ மேல். ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருந்த, 1849-இல் காலராவில் இறந்த ஒருவரின் குடல் துண்டிலிருந்து காலரா பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை மீட்க முடிந்தது, 2014-இல் அந்த முடிவு வெளியானது.

முதலில் ஜாடித் திரவத்தின் பிஎச் பாருங்கள். நன்றாக அமிலமாகியிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், இடையில் திரவத்தை மாற்றியிருக்கலாம். மேற்பரப்பை ஒதுக்கி, உள்ளிருந்து 25 மில்லிகிராம் அளவு வெட்டிப் பொடியாக நறுக்குங்கள். 100 மில்லிமோலார் கிளைசின், 10 மில்லிமோலார் டிரிஸ், 1 மில்லிமோலார் ஈடிடிஏ உள்ள பிஎச் 8 கரைசலில் ஒரு நாள் முழுக்க, இடையிடையே மாற்றி ஊறவையுங்கள். மிச்ச ஃபார்மால்டிஹைடைக் கிளைசின் பிடித்துக்கொள்ளும். அதைச் செய்யாமல் நேராகப் புரோட்டினேஸ் கே ஊற்றினால், மிச்ச ஃபார்மால்டிஹைட் முதலில் அந்த நொதியையே பதப்படுத்திவிடும். ஊறலுக்குப் பிறகு செரித்தலும் சூடும் மேலே சொன்னபடியே. சீக்வென்சிங்குக்கான டிஎன்ஏ துண்டுத் தொகுப்பை (நூலகம்) தயாரிக்கும்போது மட்டும் ஒற்றை இழை முறையைத் தேர்ந்தெடுங்கள். பாதி அறுந்து நிற்கும் துண்டுகளையும் அது சேர்த்துக்கொள்ளும், இரட்டை இழை முறை அவற்றைத் தவறவிடும்.