கொதிப்பதா, பொங்குவதா, சுண்டுவதா? சமையல் சொற்களை எழுத்தில் கையாளப் பழகுவது எப்படி

புதிதாகக் கதை எழுதுபவர்களின் பாத்திரங்கள் கோபம் வந்தால் கொதிப்பார்கள், சோகம் வந்தால் உருகுவார்கள். அடுப்படியில் புழங்கும் மற்ற வினைச்சொற்கள் எல்லாம் சும்மா கிடக்கும். அவற்றையும் எடுத்துப் புழங்கப் பழகுவதற்குத்தான் இந்த விளக்கம். சமையல் சொல் மனிதர்களைப் பற்றிப் பேச வரும்போதும் அடுப்பில் இருந்த குணத்தைப் பெரும்பாலும் கூடவே கொண்டு வருகிறது. அந்தக் குணம் பிடிபட்டால் எங்கே எது பொருந்தும் என்பதில் பாதிச் சிக்கல் தீரும். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

படி 1: சொல்லிடம் நான்கு கேள்வி கேளுங்கள்

இது நடக்கச் சூடு வேண்டுமா? தண்ணீரிலா, எண்ணெயிலா, வெறும் சட்டியிலா? சட்டென்று நடக்குமா, மெல்ல நடக்குமா? நடந்தது திரும்புமா?

உருகுவதையும் கரைவதையும் வைத்துப் பார்ப்போம். வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே உருகிவிடும். சூடு மட்டும் போதும். சர்க்கரை கரைவதற்குச் சூடுகூடத் தேவையில்லை, ஆனால் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் இருந்தே ஆக வேண்டும். எழுத்திலும் அப்படித்தான். பாட்டைக் கேட்டு மனம் உருகும். பிடிவாதம், யாராவது சொல்லச் சொல்லக் கரையும். ‘கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்’ என்ற பழமொழியில் கரைப்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதும் உள்ளே இருக்கிறது. இன்னொன்று: கரைந்த பொருள் கண்ணில் படாது. அதனால்தான் கூட்டத்தில் கரைந்தான், சேமிப்பு கரைந்தது என்கிறோம். அந்த இடங்களில் ‘உருகியது’ என்று போட்டுப் பாருங்கள், நிற்காது.

நான்காவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உருகிய வெண்ணெய் ஆறினால் மறுபடி கெட்டியாகும். முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும். அப்புறம் எவ்வளவு குளிர வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. ஆகவே மனம் உருகிய பாத்திரம் மறுநாள் காலையில் சாதாரணமாகச் சிரிக்கலாம். ‘மனம் வெந்துபோனது’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியிலேயே சிரிக்க வைத்தால் வாசகர் நம்ப மாட்டார்.

படி 2: கொதி, பொங்கு, வற்று, சுண்டு, ஆறு

ஒரே பாத்திரத்தில் நடக்கும் இந்த ஐந்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

தண்ணீர் கொதிக்கும், ஆனால் பொதுவாகப் பொங்காது. பால் பொங்கும். பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படிய, கீழிருந்து வரும் நீராவிக் குமிழிகள் அதில் சிக்கி, எல்லாமாகச் சேர்ந்து விளிம்பைத் தாண்டுகின்றன. விளிம்பைத் தாண்டுவதுதான் பொங்குவதன் அடையாளம். உள்ளே நிரம்பியது எதுவானாலும் பொங்கலாம்: மகிழ்ச்சி பொங்கும், அழுகை பொங்கும், மக்கள் பொங்கி எழுவார்கள். கொதிப்பதற்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ‘மகிழ்ச்சியில் கொதித்தான்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை.

கொதிக்கும் தண்ணீரின் கீழே எவ்வளவு தீயைக் கூட்டினாலும், கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் அது 100 டிகிரியைத் தாண்டாது. சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். கோபத்தை எழுதும்போது இது ரொம்ப உதவும். ‘கொதித்தான், மேலும் கொதித்தான்’ என்று அடுக்குவதில் வாசகருக்கு எதுவும் கூடுவதில்லை. கொதித்த பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பொங்கி வழிந்ததா? வற்றியதா? இல்லை, அடுப்பு அணைந்து ஆறியதா?

வற்றுவதும் சுண்டுவதும் ஒன்றல்ல. வற்றும்போது நம் கண் போய்விட்ட நீர் மேல் இருக்கிறது: குளம் வற்றியது, அழுது அழுது கண்ணீர் வற்றியது. சுண்டும்போது மிஞ்சியது மேல் இருக்கிறது. குழம்பு சுண்டினால் கெட்டியாகும், அளவு குறையும், சுவை ஏறும். பத்துப் பக்கச் செய்தியை இரண்டு பக்கமாகச் சுண்டக் காய்ச்சுவது பாராட்டு. முகம் சுண்டிப்போவது ஏமாற்றம். இரண்டிலும் சுருங்குவது இருக்கிறது, ஒன்றில் சாரம் ஏறுகிறது, மற்றொன்றில் ஒளி போகிறது.

ஆறுவது சூட்டிலிருந்து சாதாரண நிலைக்கு வருவது. கோபம் ஆறும், புண் ஆறும், விஷயத்தை ஆறப் போடலாம். குளிர்வது அதற்கும் கீழே போய் இதம் தருவது: கண் குளிர, மனம் குளிர. ‘கோபம் குளிர்ந்தது’ என்று எழுத வேண்டாம். கோபம் ஆறிய பிறகு மனம் வேண்டுமானால் குளிரட்டும்.

படி 3: தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா?

நோட்டில் இரண்டு வரிசை போடுங்கள். உருகு, உருக்கு. வதங்கு, வதக்கு. வாடு, வாட்டு. காய், காய்ச்சு. ஆறு, ஆற்று. சில சொற்களில் வேர் ஒன்றாகவே இருக்கும், காலம் காட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும்: கரைந்தது, கரைத்தான், குழைந்தது, குழைத்தான், மசிந்தது, மசித்தான்.

ஒரு ஜோடி இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி உருவகமாகும் என்று நினைக்காதீர்கள். பாடத்தைக் கரைத்துக் குடித்தவர் கெட்டிக்காரர். அழுகையில் கரைந்தவர் பரிதாபத்துக்குரியவர். ‘எவ்வளவு கேட்டும் அவர் மசியவில்லை’ என்பது அன்றாட வழக்கு, ஆனால் ஒருவரைப் பேசி இணங்க வைப்பதை ‘மசித்தார்’ என்று எழுதினால் சிரிப்பு வரும். உருளைக்கிழங்குதான் நினைவுக்கு வரும்.

படி 4: திட்டுவதற்கு உள்ள சொற்கள்

தமிழ்ச் சமையலறை இதில் தாராளம். வறுப்பது என்றால் எண்ணெய் இல்லாமலோ கொஞ்சமாகவோ வைத்து, கை ஓயாமல் கிளறுவது. ஆகவே ‘வறுத்தெடுத்தார்’ என்றால் அடுத்தடுத்துக் கேள்வி வர வேண்டும், எதிரே ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பொரிவது வேறு கதை. கடுகு சூடேறும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கிறது. ‘பொரிந்து தள்ளினாள்’ என்றால் வெடிப்பது பேசுபவள். எதிரே இருப்பவர் பதில் சொல்லாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டுகூட இருக்கலாம்.

வாட்டுவதை மனிதர்களிடம் அவ்வளவாகக் கொடுப்பதில்லை. பசி, குளிர், வறுமை, தனிமை, இவைதான் வாட்டும். வெயில் வதக்கி எடுக்கும்.

படி 5: தொட்டால், கடித்தால் தெரியும் சொற்கள்

மொறுமொறு, கரகர, வழவழ, கொழகொழ, பிசுபிசு என்ற இரட்டைச் சொற்களில் எல்லாமே உருவகமாகாது. மொறுமொறுப்பு தின்பண்டத்தோடு நின்றுவிடுகிறது; ‘மொறுமொறுப்பான நடை’ என்பது என் காதுக்கு விளம்பரம்போல் கேட்கிறது. ‘வழவழா கொழகொழா’ என்று பேசுபவரிடம் பிடிப்பான பதில் கிடைக்காது. குரல் கரகரக்கும். போராட்டம் பிசுபிசுத்துப் போகும். இதில் ஒட்டும் தன்மையைத் தேட வேண்டாம், வழக்கில் வந்த பொருளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இளகுவதையும் குழைவதையும் கவனமாகப் பிரியுங்கள். இளகிய மனம் நல்ல மனம். குழைந்து பேசுபவரிடம் கொஞ்சம் சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று. ஊருக்கு ஊர் பொருள் மாறுவதும் உண்டு. தமிழ்நாட்டில் முறுகல் என்றால் தோசை நினைவு வரும். இலங்கைச் செய்தித்தாளில் ‘முறுகல் நிலை’ என்றால் இரு தரப்புக்கு இடையே பதற்றம்.

படி 6: ஒரு பத்தியைத் திருத்திப் பாருங்கள்

இது திருத்தாதது:

*அப்பாவின் பேச்சைக் கேட்டு ரவி கொதித்தான். அவன் மனம் வெந்து உருகியது. அப்பா ஒரே வார்த்தையில் அவனை வறுத்தெடுத்தார். அம்மா வந்ததும் அவன் கோபம் கரைந்து குளிர்ந்தது.*

ஆறு சமையல் சொற்கள், ஆனால் ஒரு வாசனையும் இல்லை. ஒரே வார்த்தையில் வறுக்க முடியாது. வெந்ததும் உருகியதும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் சேராது. அம்மாவுக்குக் கோபத்தைக் கரைக்க நேரமே கொடுக்கவில்லை.

திருத்தியது:

*எங்கே போனாய், யாரோடு போனாய், பணம் ஏது என்று அப்பா ரவியை வறுத்தெடுத்தார். அவன் முகம் சுண்டிப்போனது. பதில் சொல்லாமல் உள்ளே போனான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோதும் கோபம் ஆறியிருக்கவில்லை.*

மூன்று சொற்கள்தான், மூன்றும் வெவ்வேறு கட்டத்தைச் சொல்கின்றன. ‘கொதித்தான்’ போனதில் நஷ்டம் இல்லை, ஆறாத கோபம் என்றாலே முன்பு சூடு இருந்தது தெரிந்துவிடும்.

இப்போது நீங்கள். அதே காட்சியில் அப்பாவை வாயே திறக்காதவராக்கி, அம்மாவைப் பொரிந்து தள்ள வையுங்கள். அம்மாவின் பேச்சைக் குறைந்தது நான்கு வரி எழுத வேண்டியிருக்கும், அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கும். ரவியின் முகம் இந்த முறையும் சுண்டுமா, இறுகுமா என்பதை அந்த நான்கு வரியை எழுதிய பிறகு முடிவு செய்யுங்கள்.