போலி அனுப்புநர் முகவரியுடன் வரும் வைரஸ் மின்னஞ்சல்: மூலத்தைக் கண்டறிவது எப்படி?

தெரிந்தவரின் பெயரில் வைரஸ் இணைப்புடன் ஒரு மின்னஞ்சல் வந்தால், அவருடைய கணினியில்தான் வைரஸ் புகுந்துள்ளது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 2000 மே மாதத்தில் பரவிய ஐ லவ் யூ வைரஸைப் பொறுத்தவரை அந்த முடிவு சரியாகவே இருந்தது. அது பாதிக்கப்பட்டவரின் அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருள் வழியாக, அவருடைய சொந்த முகவரியிலிருந்தே பரவியது. 2002-இல் பெருகிய கிளெஸ், 2003 ஆகஸ்டில் பரவிய சோபிக்-எஃப் ஆகிய வைரஸ்களோ தொற்றிய கணினியின் கோப்புகளிலிருந்து முகவரிகளைத் திரட்டி, ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் இட்டுக்கொண்டன. அதாவது, உங்கள் இருவரின் முகவரிகளையும் வைத்திருந்த மூன்றாவது நபரின் கணினியே மூலமாக இருக்கலாம். மின்னஞ்சலை அனுப்புவதற்கென 1982-இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாததே இதற்கு இடங்கொடுத்தது.

இணைப்பைத் திறக்காமலும் பதில் எழுதாமலும், முதலில் மின்னஞ்சலின் முழுத் தலைப்புப் பகுதியை (ஹெடர், அதாவது மின்னஞ்சல் கடந்து வந்த வழியின் பதிவு) பாருங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மின்னஞ்சலுக்கு உரிய மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைச் சொடுக்கினால் அது தெரியும். அங்கே 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு மேலே சேர்த்துக்கொண்டே வந்தவை. ஆகவே பயணத்தின் தொடக்கம் கீழேயும் முடிவு மேலேயும் இருக்கும். கீழேயுள்ள வரிகளை அனுப்பியவரே புனைந்திருக்க முடியும் என்பதால், உங்கள் சேவை நிறுவனத்தின் சர்வர் வெளியிலிருந்து மின்னஞ்சலைப் பெற்றபோது பதிந்த வரியை மட்டுமே நம்புங்கள். அதில் சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐபி எண்தான் (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி எண்) மின்னஞ்சலைக் கொண்டுவந்து கொடுத்த கணினியைக் காட்டுகிறது.

அதே பக்கத்தில், அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய சோதனைகளின் முடிவுகளும் இருக்கும். டிமார்க் தோல்வியுற்றிருந்தால் போலி என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. ஆனால் மடலாடற்குழு வழியாகவோ முன்னனுப்பப்பட்டோ வரும் நேர்மையான மின்னஞ்சலும் சில வேளைகளில் தோற்கும். தேர்ச்சி பெற்றிருப்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது, ஏனெனில் அந்தக் கணக்கே களவு போயிருக்கலாம். எமோடெட் போன்ற தீநிரல்கள் திருடிய பழைய உரையாடல்களுக்கே பதில் எழுதி ஏமாற்றின. ஐயம் இருந்தால் அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்பதே நல்லது.

நீங்கள் அனுப்பாத மின்னஞ்சல்கள் 'சென்றடையவில்லை' என்று உங்களுக்கே திரும்பி வந்தால், யாரோ உங்கள் முகவரியைப் பயன்படுத்துகிறார்கள். (சோபிக் காலத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் போலி முகவரிக்காரர்களுக்குத் தானியங்கி எச்சரிக்கைகளை அனுப்பித் தொல்லையைக் கூட்டின.) திரும்பி வந்ததில் மூல மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி இருந்தால், அதிலுள்ள ஐபி எண்ணைப் பாருங்கள். பிறகு, அனுப்பியவை கோப்புறை, அண்மைய உள்நுழைவுகள், தானாக முன்னனுப்பும் விதிகள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அவற்றில் அன்னியமானது ஏதேனும் தென்பட்டால் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஒன்றும் தென்படாவிட்டால் முகவரி மட்டுமே போலியாக இடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதற்குக் கடவுச்சொல் மாற்றம் தீர்வாகாது.

சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும், தங்கள் முகவரியைப் பிறர் போலியாக இடுவதைத் தடுக்கக் கூடுதலாக ஒரு வழி உண்டு. டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் டிஎன்எஸ்ஸில் டிமார்க் பதிவைச் சேர்த்து, முதலில் எதையும் தடுக்காத 'நன்' என்ற நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளில் உங்கள் உண்மையான மின்னஞ்சல்கள் அனைத்தும் தேறுகின்றனவா என்று பார்த்த பின்னரே, தேறாதவற்றை நிராகரிக்கச் சொல்லும் 'ரிஜெக்ட்' நிலைக்கு மாற்றுங்கள்.