கரும்பொருள் துகள்கள் மோதிக்கொண்டால் என்ன ஆகும்? வீட்டுக் கணினியிலேயே ஒரு சிமுலேஷன்

என் முதல் சிமுலேஷனில் ஹேலோவின் (விண்மீன் மண்டலத்தைச் சூழ்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உருண்டையின்) மையம் அழகாகத் தட்டையாகி வந்தது. துகள்கள் ஒன்றோடொன்று மோதி, நடுவில் குவிந்திருந்த அடர்த்தியைக் கலைத்துவிட்டன என்று இரண்டு நாள் மிதப்பில் திரிந்தேன். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது: மோதல் ஃபங்ஷனை அழைக்கும் வரியை எப்போதோ முடக்கிவைத்து, திரும்பத் திறக்கவே இல்லை. மோதலே நடக்காமல் மோதலின் விளைவு! அது எங்கிருந்து வந்தது என்று துழாவியதில் கற்றவைதான் இங்கே இருக்கின்றன. பைத்தானும் நம்பையும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எதைப் பார்க்கப் போகிறோம்

பிரபஞ்சத்தில் கரும்பொருள், சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கும் சற்று அதிகம். அது ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்படும் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு ஹேலோவின் நடுவிலும் அடர்த்தி கூராக ஏறும்: மையத்தை நெருங்க நெருங்க, தூரம் பாதியானால் அடர்த்தி ஏறத்தாழ இரட்டிப்பாகும். நவாரோ, ஃபிரெங்க், ஒயிட் மூவரும் 1990களில் சிமுலேஷன்களில் கண்ட வடிவம் இது. ஆனால் பல சிறிய விண்மீன் மண்டலங்களின் சுழற்சி வேகத்தை அளந்தால், மையம் கூராக இல்லை, தட்டையாக இருப்பதுபோல் தெரிகிறது. கரும்பொருள் துகள்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால் இது சரியாகுமே என்று 2000இல் ஸ்பெர்கலும் ஸ்டைன்ஹார்ட்டும் முன்மொழிந்தார்கள்.

மோதினால் ஏன் தட்டையாகும்? கூர்மையான ஹேலோவின் நட்டநடுவில் துகள்கள் மெதுவாக அலைகின்றன, கொஞ்சம் வெளியே வேகமாக. அதாவது நடு குளிர்ச்சி, சுற்றுப்புறம் சூடு. மோதல் இருந்தால் வெப்பம் உள்ளே பாயும், நடு வீங்கும், அடர்த்தி குறையும். நாம் பார்க்கப் போவது இவ்வளவுதான். ஹேலோக்களைக் கோத்து நிற்கும் பிரபஞ்ச வலையை இந்த மோதல் பெரிதாகத் தொடுவதில்லை, அங்கே பொருள் அவ்வளவு அடர்த்தியாக இல்லை. அதனால் ஒரே ஒரு தனி ஹேலோ போதும்.

படி 1: கருவிகள்

பைத்தான், நம்பை, மேட்பிளாட்லிப், கூடவே நம்பா (பைத்தான் நிரலை வேகமாக்கும் கருவி). சி மொழியில் எழுதினால்தான் வேகம் என்பார்கள். இந்த அளவு வேலைக்கு நம்பா தாராளம். ஜூபிட்டரில் படம் வரையுங்கள், ஓட்டத்தை மட்டும் தனிக் கோப்பாக டெர்மினலில் ஓட்டுங்கள். பாதி ஓட்டத்தில் கெர்னல் செத்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு. கேட்ஜெட்-4 போன்ற பெரிய பிரபஞ்ச சிமுலேஷன் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அருமையானவை. ஆனாலும் முதல் நாளே அங்கே போகாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் படம் மட்டும் வரும்.

படி 2: அலகுகள்

தூரம் கிலோபார்செக் (சுமார் 3,260 ஒளியாண்டு), வேகம் நொடிக்கு கிலோமீட்டர், நிறை சூரிய நிறை. ஈர்ப்பு மாறிலி 4.30 × 10⁻⁶. நேரத்தின் அலகு தானாகவே 97.8 கோடி ஆண்டு ஆகிவிடும். கட்டுரைகளில் மோதலின் அளவு (துகள் மோதலுக்குக் காட்டும் பரப்பு ÷ அதன் நிறை) 'கிராமுக்கு இத்தனை சதுர செ.மீ.' என்று இருக்கும். கிராமுக்கு 1 சதுர செ.மீ. என்பதை நம் அலகுக்கு மாற்றினால் 2.09 × 10⁻¹⁰. இந்த எண்ணை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: துகள்களை எங்கே வைப்பது

மேலே சொன்ன நவாரோ வடிவத்துக்குப் பதில் ஹெர்ன்குவிஸ்ட் என்பவர் தந்த அடர்த்தி வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தில் அதே கூர், வெளியே மட்டும் வேகமாக இறங்கும், அதனால் மொத்த நிறை முடிவிலிக்கு ஓடாது. 0க்கும் 1க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். அதை, 1லிருந்து அதே வர்க்கமூலத்தைக் கழித்த மீதியால் வகுத்து, அளவு ஆரத்தால் (ஹேலோ எவ்வளவு பெரிது என்று நாம் வைக்கும் நீளம்) பெருக்கினால் துகளின் தூரம் கிடைத்துவிடும். திசை எழுந்தமானம்.

மொத்த நிறை 1,000 கோடி சூரிய நிறை, அளவு ஆரம் 10 கிலோபார்செக், துகள்கள் 1 லட்சம் என்று வைத்தேன். ஓரிரு துகள்கள் கண்காணாத தூரத்தில் போய் விழும். விட்டுவிடுங்கள், கோளச் சமச்சீரில் வெளியே இருப்பது உள்ளே இருப்பதை இழுக்காது.

படி 4: வேகம் (நான் வழுக்கி விழுந்த இடம்)

ஒவ்வொரு தூரத்திலும் சராசரி வேகச் சிதறல் (துகள்களின் வேகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) என்ன என்று, ஈர்ப்பையும் சிதறலையும் இணைக்கும் ஜீன்ஸ் சமன்பாட்டிலிருந்து எடுத்து, அந்த அகலத்தில் ஒரு காசியன் (மணி வடிவ) பரவலிலிருந்து வேகம் கொடுத்தேன். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கூர்மையான ஹேலோவுக்குள் உண்மையான வேகப் பரவல் காசியன் அல்ல. அப்படி வைத்துத் தொடங்கிய ஹேலோ சமநிலையிலேயே இல்லை. ஓட்டத் தொடங்கியதும் துகள்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள ஆரம்பிக்கின்றன, அந்தக் குலுக்கலில் கூர்முனை மழுங்கிப் போகிறது. என்னை ஏமாற்றிய தட்டை மையத்தில் ஒரு பாதி இதுதான்.

சரியான வழி: ஆற்றலைப் பொறுத்த பரவல் சார்பிலிருந்து (எந்த ஆற்றலில் எவ்வளவு துகள்கள் என்று சொல்லும் சூத்திரம்) வேகம் எடுப்பது. எடிங்டன் 1916இல் தந்த சூத்திரம் எந்த அடர்த்தி வடிவத்துக்கும் இதைத் தரும். ஹெர்ன்குவிஸ்ட் வடிவத்துக்கு 1990ஆம் ஆண்டின் மூலக் கட்டுரையிலேயே முழு விடையும் இருக்கிறது. பூஜ்யம் முதல் ஹேலோவை விட்டுத் தப்பிக்கும் வேகம் வரை ஒரு வேகத்தைச் சமவாய்ப்பாக எடுங்கள். வேகத்தின் வர்க்கம் × அந்த ஆற்றலுக்கான பரவல் மதிப்பு என்ற விகிதத்தில் ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள். வர்க்கத்தைப் பெருக்க மறந்தால் எல்லாத் துகளும் சோம்பேறியாகி, ஹேலோ உள்ளே சரிந்து விழும். ஒருமுறை அதையும் பார்த்தாயிற்று.

படி 5: ஈர்ப்பு

என் போலி மையத்தின் மறுபாதி இங்கே. முதலில் 2,000 துகள்களை வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையிலான விசையைக் கூட்டினேன். ஒவ்வொரு துகளும் 50 லட்சம் சூரிய நிறை! இரண்டு அப்படி நெருங்கிக் கடந்தால் ஒன்றையொன்று பலமாகத் திருப்பிவிடும். மெய்யான கரும்பொருளில் துகள்கள் எண்ணிலடங்காதவை, இந்தத் திருப்பல் அங்கே கிடையாது. ஆனால் என் கணினியில் அது வெப்பத்தை உள்ளே கடத்தியது, நான் தேடிய மோதல் செய்யும் அதே வேலை. இரண்டையும் படத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

இதற்கு மாற்று ரொம்ப எளிது. துகள்களைத் தூரவாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரு துகளுக்கு உள்ளே எத்தனை துகள்கள் என்பது அதன் வரிசை எண்ணே சொல்லிவிடும் (தன் நிறையில் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). அந்த உள்நிறை மட்டுமே அதை மையத்தை நோக்கி இழுக்கிறது. ஜோடிகளும் இல்லை, நெருங்கிக் கடத்தலும் இல்லை. வேகமோ வேகம். கோளமாக இல்லாத எதற்கும் இது உதவாது என்பதுதான் விலை.

நகர்த்துவதற்கு லீப்ஃபிராக் முறை (இடத்தையும் வேகத்தையும் மாறி மாறித் தள்ளுவது), நேரப்படி (ஒரு தாவலுக்கான நேரம்) 10 லட்சம் ஆண்டு. மையத்திலிருந்து 0.1 கிலோபார்செக்கில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 கோடி ஆண்டு ஆகிறது, ஆகவே சுற்றுக்கு நூறு படிகள் வரை கிடைக்கும். 0.05 கிலோபார்செக் மென்மையாக்கலும் (மையத்துக்கு மிக அருகில் விசையை மட்டுப்படுத்துவது) சேருங்கள், இல்லாவிட்டால் நேராக மையத்தில் பாயும் துகள் கவணில் வைத்த கல்லாகத் தெறிக்கும்.

படி 6: மோதலை அணைத்துவிட்டு ஒரு முழு ஓட்டம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1,000 கோடி ஆண்டு ஓட்டி, தொடக்க அடர்த்தியையும் முடிவு அடர்த்தியையும் ஒரே படத்தில் வரையுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். எங்கே விலகத் தொடங்குகின்றனவோ அதற்கு உள்ளே உங்கள் சிமுலேஷனை நம்ப வேண்டாம். நம் அமைப்பில் 1 கிலோபார்செக்குக்குள் சுமார் 800 துகள்கள் இருக்கும், 0.1க்குள் பத்தே பத்து. பத்துத் துகளை வைத்து அடர்த்தி பேசுவது வீண்.

படி 7: மோதல்

வரிசையில் அடுத்தடுத்து நிற்பவர்களை இரண்டிரண்டாகச் சேருங்கள். ஒரு நேரப்படியில் ஒரு ஜோடி மோதும் வாய்ப்பு: அங்குள்ள அடர்த்தி × மோதல் அளவு × சார்பு வேகம் (ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றதன் வேகம்) × நேரப்படி. அடர்த்திக்கு இருபுறமும் 50 துகள்களை எடுத்து, அவற்றின் மொத்த நிறையை அவை நிரப்பும் கோள ஓட்டின் கனஅளவால் வகுங்கள்.

ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கையாலும் போட்டுப் பாருங்கள். 1 கிலோபார்செக்கில் அடர்த்தி, கன கிலோபார்செக்குக்கு 1.2 கோடி சூரிய நிறை. அதை 2.09 × 10⁻¹⁰ ஆல் பெருக்கினால் 0.0025. சார்பு வேகம் 45 என்றால், நம் நேர அலகு ஒன்றுக்கு 0.11 மோதல். அதாவது ஒரு துகளுக்கு ஏறத்தாழ 900 கோடி ஆண்டில் ஒரே ஒரு மோதல்! இவ்வளவு அரிதாக மோதினாலே மையம் மாறத் தொடங்கிவிடும் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். இது மோதல் அளவு கிராமுக்கு 1 சதுர செ.மீ. என்று வைத்த கணக்கு; கற்றுக்கொள்ள 10 என்ற மதிப்பை வையுங்கள், விளைவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்.

மோதியதும் ஜோடியின் சராசரி வேகம் அப்படியே இருக்கட்டும், சார்பு வேகத்தின் அளவும் அப்படியே, திசை மட்டும் புதிது. திசையை எடுக்கும்போது கோணத்தைச் சமவாய்ப்பாக எடுக்காதீர்கள், துருவங்களில் குவிந்துவிடும். கோணத்தின் கொசைனை −1 முதல் 1 வரை சமவாய்ப்பாக எடுங்கள்.

பின்சேர்க்கை 1: மோதல் இருமடங்கு வருகிறது என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார். அவர் ஜோடி பிரிக்காமல், ஒவ்வொரு துகளுக்கும் பக்கத்தில் ஒருவரைத் தேர்ந்து சோதித்திருக்கிறார். அப்படிச் செய்தால் ஒரு துகள் தன் முறைக்கு ஒருதரம், அடுத்தவர் முறைக்கு ஒருதரம் சோதிக்கப்படும். வாய்ப்பைப் பாதியாக்கினால் சரியாகிவிடும்.

பின்சேர்க்கை 2: இது என் தப்பு, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. வரிசையில் பக்கத்தில் இருப்பவர்கள் தூரத்தில்தான் சமம், ஒருவர் கோளத்தின் இந்தப் பக்கமும் மற்றவர் எதிர்ப்பக்கமும் இருக்கலாம். அவர்களின் வேகத்தை நேரடியாகக் கழிக்கக் கூடாது. இருவருக்கும் ஆரத் திசை, அதற்குச் செங்குத்தாக இரண்டு திசைகள் என்று பிரித்து, செங்குத்துப் பகுதியை எழுந்தமானமாகச் சுழற்றிவிட்டு அதில் மோதவையுங்கள். பிறகு அவரவர் திசைக்கே திருப்பி மாற்றுங்கள். முன்னே நான் கொடுத்திருந்த விளக்கத்தில் இந்தச் சுழற்சி விடுபட்டிருந்தது.

படி 8: படத்தைப் படிப்பது

மோதல் அணைத்த ஓட்டம், மோதல் உள்ள ஓட்டம், இரண்டையும் ஒரே படத்தில் போடுங்கள். உள்ளே ஒரு கோடு ஏறிக்கொண்டே போகும், மற்றது படுத்துவிடும். வெளியே இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கூடவே வேகச் சிதறலையும் வரையுங்கள், அதுதான் எனக்கு அதிகம் பிடித்த படம்: தொடக்கத்தில் நடுவில் பள்ளமாக இருந்தது நிரம்பிச் சமமாகிவிடும். வெப்பம் பாய்ந்ததன் தடயம் அது.

மோதல் அளவை இன்னும் ஏற்றினால் வேறொன்று நடக்கும். பள்ளம் நிரம்பிய பிறகு நடுதான் சூடு, வெப்பம் வெளியே கசியும். ஈர்ப்பால் கட்டுண்ட கூட்டம் வெப்பத்தை இழந்தால் குளிராது, சுருங்கி இன்னும் சூடாகும், இன்னும் கசியும். தட்டையான மையம் திரும்பவும் குவிந்து, தொடக்கத்தைவிட அடர்த்தியாகிவிடும். கோளக் கொத்துகளை (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்களை) பற்றி லிண்டன்-பெல்லும் வுட்டும் 1968இல் சொன்ன அதே சரிவு. நிரல் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் அழித்த ஓட்டங்களில் ஒன்றிரண்டு இப்படிப்பட்டவையாக இருந்திருக்கும்.

சரி, 10 என்ற மதிப்பு இயற்கைக்கு ஒத்துவருமா? புல்லட் கொத்து போன்ற மோதும் விண்மீன் மண்டலக் கொத்துகளைப் பார்த்துப் போட்ட வரம்பு 1ஐ ஒட்டியே இருக்கிறது. ஆனால் அங்கே துகள்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் கடக்கின்றன, நம் குறு ஹேலோவில் சில பத்துகள்தான். வேகம் கூடக்கூட மோதல் குறையும் என்று வைத்தால் இரண்டும் பொருந்தும், இன்று பலரும் ஆராய்வது அதைத்தான். உங்கள் நிரலில் அது ஒரே வரி மாற்றம்: மோதல் அளவைச் சார்பு வேகத்தைப் பொறுத்து மாறும்படி வையுங்கள். இன்னொன்று, சூப்பர்நோவாக்கள் வாயுவைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளினாலும் தட்டை மையம் உருவாகும். நம் ஹேலோவில் விண்மீனும் இல்லை, வாயுவும் இல்லை, ஆகவே நிஜ மண்டலத்தின் அளவீட்டோடு இந்தக் கோட்டை நேரடியாக ஒப்பிட வேண்டாம். வாயுவைச் சேர்க்க வேண்டுமென்றால் அப்போது கேட்ஜெட் மாதிரி நிரலுக்குப் போகலாம், படி 6ஐ அங்கேயும் விடாமல் செய்யுங்கள்.